கிலோ நூற்றிருபது

சுபோதிட்சா சந்தையில் என் கடைக்கு வலப்பக்கம்
எதெல்காவின் தக்காளி.
அட்டையில் ஹங்கேரிய மொழியில் எழுதி வைப்பாள்:
'பரடிச்சோம், கிலோ நூற்றிருபது தினார்.'
அவள் மொழியில் அந்தச் சொல்லுக்குத்
தக்காளி என்றும் பொருள், சொர்க்கம் என்றும் பொருள்.
எதற்கு அந்த விலை என்று அட்டை சொல்லாது.

அவள் புருஷன் ஸ்டிபானுக்கு வேறு பேச்சு.
அவன் வாயில் அது 'பரடைஸ்',
வெறும் காய், குழம்புக்கு ஆகும், அவ்வளவுதான்.
சொர்க்கத்துக்கு அவன் தனியாக 'ராய்' வைத்திருந்தான்,
ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் எடுக்கிற சட்டை போல.
வியன்னாக்காரர்கள் 'சொர்க்கத்து ஆப்பிள்' என்றுதான்
பெயரிட்டு அனுப்பினார்களாம்.
வரும் வழியில் எங்கோ
ஆப்பிள் உதிர்ந்துவிட்டது.

நான் தெற்கே, ஸ்த்ருமித்சாக்காரி.
எங்களுக்குக் கத்தரிக்காய்தான் மூத்த தாரம்.
தக்காளி பிந்தி வந்தது;
அதனால் 'சிவப்புக் கத்தரிக்காய்.'
கத்தரிக்காயின் பெயரோ துருக்கியன் தந்தது,
அவனுக்குப் பாரசீகன், பாரசீகனுக்கு
எந்தக் கடற்கரையில் எவள் கூவி விற்றாளோ.

உருளைக்கிழங்கில் மட்டும் சண்டை இல்லை.
'நிலத்துப் பேரிக்காய்' என்று எவனோ ஜெர்மானியன் சொன்னதை
எல்லோருமாய் மென்று
ஆளுக்கொரு விதமாய்த் துப்பி வைத்திருக்கிறோம்.

கடலுக்கு அப்பாலிருந்து தக்காளி வந்தபோது
அதற்குச் சொந்தப் பெயர் இருந்ததாம், 'தோமாட்ல்.'
வெங்காயம் வாங்க வரும் வாத்தியார் சொன்னார்.
கடை சாத்தும் நேரம் ஒருமுறை மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தேன்.
ஒன்றும் திரும்பவில்லை.

ஆகஸ்டில் ஸ்டிபான் செத்துப்போனான்,
பாத்தி நடுவிலேயே.
கழுவியும் போகவில்லை நகக்கண்ணில் துத்தத்தின் நீலம்.
இரண்டு வீட்டாருக்கும் பொதுவாய்
இரண்டு மொழியிலும் வாசித்தார் பாதிரியார்.
முதலில் அவன் மொழி. 'ராய்' என்றார். எல்லோரும் குனிந்திருந்தோம்.
பிறகு அவள் மொழி:
'இன்றே நீ என்னோடு பரடிச்சோமில் இருப்பாய்.'

மெழுகுவர்த்தி பிடித்திருந்த பையன் கெர்கோ,
ஒன்பது வயது,
களுக்கென்று சிரித்துவிட்டான்.
காது இரண்டும் பழுத்துவிட்டன.
பாதிரியார் இடம் தவறி, மறுபடி அதே வரிக்கு வந்தார்.
மறுபடி பரடிச்சோம்.
எதெல்காவின் தோள்கள் குலுங்கின.
அழுகிறாள் என்று கை நீட்டினேன்.

"நாற்பது வருஷம்," என்றாள், வாயைப் பொத்தியபடி,
"இடுப்பளவு அதில்தானே நின்றான்,
மருந்தடித்துக்கொண்டு.
ஒருநாளும் அப்படிச் சொல்ல ஒத்துக்கொண்டதில்லை."

பதினோராம் நாள் கடை போட்டாள்.
அதே அட்டை, அதே எழுத்து.
காரில் வந்த ஒருத்தி
செர்பிய மொழியில் பேரம் பேசினாள்.
எதெல்கா விலை இறக்கவில்லை.
மழையில் வெடித்ததை மட்டும் தனியே பொறுக்கி
என் கூடைப் பக்கம் தள்ளினாள்:
"இந்தா, உன் கத்தரிக்காய்."