நீக்கம்

காலடிப்பேட்டைக் கிளை நூலகத்துக்கு
வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது
அம்புக்குறிக்குத் தெரியவில்லை.
பூட்டிய கம்பிக் கதவின் முன்னால் நின்றேன்.
நான்கு மீட்டர் என்றது கைப்பேசி.
"யார் வீடும்மா தேடுற?" என்றார் டீக்கடைக்காரர்.
புதையல் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.
கரண்ட் ஆபீஸ் என்றேன்.
கையை நீட்டி வழி சொன்னார்.
அவர் பார்க்கிறாரே என்று
கொஞ்ச தூரம் அந்தப் பக்கம் நடந்தேன்.

எனக்கு வேலை பெட்டிகளை எண்ணுவது.
எண்ணூர் சாலையோரக் கன்டெய்னர் யார்டில்
நாற்பதடி, இருபதடி, முத்திரை எண், வந்த நேரம்.
ஆறு வருடத்தில்
ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை.
அதனால்தானோ என்னவோ
யாரோ ஒளித்த டப்பாவை
யாரோ தேடித் திறந்து
பெயரெழுதி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிற
இந்த ஜியோகேஷிங் பைத்தியம் பிடித்தது.

சனிக்கிழமை திறந்திருந்தது.
நூலகர் தஸ்லீமா யாரிடமோ
சந்தாவுக்குச் சில்லறை கேட்டுக்கொண்டிருந்தார்.
போட்டித்தேர்வுப் பையன்கள்
ஓடுகிற ஒரே மின்விசிறிக்கு நேர்கீழே.
கூரைக்குள் நுழைந்ததும் அம்புக்குறி
குடித்தவன்போல் சுற்றியது.
மிச்சம் ஒரு துப்புதான்:
954.82. தூசிக்குப் பயப்படாதே.

உள்ளூர் வரலாறு மொத்தமே ஒன்றரைத் தட்டு.
ஆலைத் தொழிலாளர் சங்க ஆண்டறிக்கை.
தல வரலாறு, மூன்று பிரதி.
அட்டை போன சிறுநூல் ஒன்று
காலடி என்பது காலடியே இல்லை என்றது:
காலெட் என்ற கவர்னர்
நெசவாளருக்கு வைத்த பேட்டை,
தறிச் சத்தத்துக்குள் கூப்பிட்டுக் கூப்பிட்டு
பெயருக்குக் கால் முளைத்துவிட்டது.
நின்றவாக்கில் பதினோரு பக்கம் படித்தேன்.
வந்த காரியம் மறந்தே போனது.

அதற்கடுத்த புத்தகம் புத்தகம் இல்லை.
பைண்டு அட்டைக்குள் பிஸ்கட் டப்பா.
வலையில் கட்டும் ஈயக்குண்டு ஒன்று,
ஒற்றைக் கம்மல்,
எழுத்து வெளுத்த எஸ்.டி.டி. பூத் ரசீது,
சுருட்டிய தாள்.
ஏழு பேர் எழுதியிருந்தார்கள், நான் எட்டாவது.
பின்பக்கம் அடுத்த இடத்துக்கான எண்கள்,
வடக்கு இவ்வளவு, கிழக்கு இவ்வளவு.
கீழே, ஒளித்தவரின் புனைபெயர்:
பழைய எண் பதினாலு.

கைப்பேசியில் போட்டேன்.
புள்ளி நீலத்தில் விழுந்தது.
அழித்துவிட்டு மறுபடி போட்டேன்.
நீலம்.
கொட்டிவைத்த கருங்கற்களுக்கு அப்பால்
அறுபது மீட்டர்.

எண்ணில் பிழை என்று சொல்லத்தான்
மேசைக்குப் போனேன்.
தஸ்லீமா தாளை வெளிச்சத்தில் பிடித்தார்.
"ஓ, இங்கதான் வெச்சிருக்காங்களா" என்றார்.
அதற்குமேல் ஒன்றும் கேட்காமல்
இருப்புச் சரிபார்ப்புப் பேரேட்டை இழுத்து
எச்சில் தொட்டுப் புரட்டினார்.
நீக்கப்பட்ட நூல்கள்.
காரணம் என்ற கட்டத்தில்
கரையான், கரையான், சிதைவு, காணவில்லை,
கரையான்.
பிறகு மூன்று வரி.
உறுப்பினர் கு. தேசராணி,
பழைய எண் 14, கரைமேட்டுக் குறுக்குத் தெரு.
தையல் பாடம், ஒரு துப்பறியும் நாவல்,
ஒரு சமையல் புத்தகம்.
காரணம்: கடல்.

"ஆடிட்காரங்க ஒத்துக்கலையாம்.
எனக்கு முன்னாடி இருந்தவர்
தெருவைக் காட்டுறேன் வாங்கன்னு
ஆட்டோ வெச்சுக் கூட்டிட்டுப் போயிருக்காரு."
பேரேட்டை மூடினார்.
"காட்டத் தெரு வேணுமில்ல."

சாயங்காலம் கற்கள்மேல் நின்றேன்.
அம்புக்குறி இப்போது ஆடவில்லை,
நேராக, நிதானமாக, கிழக்கு.
செயலியில் இரண்டே பொத்தான்.
கண்டேன். காணவில்லை.
கட்டைவிரல் ஈரம், இரண்டும் பதியவில்லை.
பக்கத்துக் கல்லில் தூண்டிலோடு ஒரு பையன்,
"சிக்னல் இல்லியாக்கா?"
இருக்கு என்றேன், அறுபது மீட்டர்.
என்ன புரிந்ததோ,
எழுந்து நின்று
அந்தப் பக்கமாகவே வீசினான்.
பத்தடியில் விழுந்தது.