பதினோராயிரத்து நானூறு டாலர்

பெரிய படங்களில் திருடுபோவது
சொல்லவே வாய் வலிக்கும் தொகை.
அத்தனை பணத்தை
எந்த அலமாரியில் அடுக்குவார்கள் என்றுகூட
எனக்கு யோசிக்க வராது.

லோர்னாவின் படத்தில் திருடுபோவது
பதினோராயிரத்து நானூறு டாலர்.
இந்தத் தொகையை எனக்குத் தெரியும்.
வெடித்த கொதிகலனுக்கு மாற்று,
வீட்டுக்கடனில் மூன்று தவணை,
கட்டவேண்டிய ஒரு கடைவாய்ப் பல்.
இதற்காக ஒருவன் கொல்வான் என்றால்
நம்புகிறேன்.
நம்பியதும்
என் கைகளை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

ஊருக்கும் ஏரிக்கும் ஒரே பெயர், ஈரி.
ஜனவரியில் ஏரி உறைந்து
கரையோடு ஒட்டிக்கொள்ளும்.
எதுவரை நிலம் என்பது
பனி தள்ளும் லாரிக்காரனுக்கே சந்தேகம்.
கேமரா வாடகை பாதி என்பதால்
அந்த மாதத்தில் எடுத்தோம்.

பகலில் அவள்
மருந்துக்கடையில் மாத்திரை எண்ணுபவள்.
எதையும் ஐந்தைந்தாகத்தான் எண்ணுவாள்,
தோட்டாக்களையும்.
கொலைகாரன் வெண்டெல், பள்ளிப் பேருந்து ஓட்டுபவன்.
ஆறு மணிக்கு முதல் நடை;
அதற்குள் எல்லாரையும் கொன்றுவிட்டுக்
கை கழுவிக் கிளம்ப வேண்டும்.
பிணம் அவன் மைத்துனி பெவர்லி.
செத்துக் கிடந்தவளின் மூக்கிலிருந்து
வெண்புகையாய் மூச்சு எழுந்துகொண்டேயிருந்தது.
"மூச்சை அடக்கு, மூச்சை அடக்கு" என்று கத்தி
லோர்னாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

நான் மைக் பிடித்தவன்.
சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் கம்பு,
நுனியில் இரவல் மைக்.
மூன்றாம் காட்சியில்
இடது மூலையில் ஒரு நிழல் ஆடும்.
அது நான்.

பெட்டியில் மேலே ஒரே ஒரு நிஜ நூறு,
அடியில் பல்பொருள் அங்காடியின் தள்ளுபடி நோட்டீசுகள்.
அந்த நூறும் பீட்சாவுக்குப் போய்விட்டது.
அதனால் கடைசிக் காட்சியில்
பெட்டி திறக்கவே திறக்காது.
அதைப் பிறகு ஒருவர்
ஆழமான முடிவு என்று பாராட்டினார்.
லோர்னா தலையாட்டிக்கொண்டாள்.

இவர்களுக்கு அழகாகச் சாகத் தெரியாது.
ஓடும்போது வெண்டெலுக்கு இரைப்பது
நடிப்பு இல்லை.
சந்தில் விழுந்தவன் முழங்காலில்
சிவப்பாய் இருந்ததில் பாதிதான் சாயம்.

பன்னிரண்டாம் தெருவில் காசு போட்டுத் துவைக்கும் கடை.
இரவு இரண்டு மணி.
கறுப்பு அடித்த தண்ணீர்த் துப்பாக்கியை
வெண்டெல் நீட்டுகிறான்.
கடன்பட்டவன் மண்டியிட்டிருக்கிறான்.
வசனம் வரவேண்டிய நொடியில்
கதவு மணி அடிக்கிறது.
பூட்ட மறந்திருக்கிறோம்.

ஆஸ்பத்திரிச் சீருடை, ஈரத்துணி மூட்டை,
நாற்பது வயதிருக்கும் ஒரு பெண்.
துப்பாக்கியைப் பார்த்தாள்.
மண்டியிட்டவனைப் பார்த்தாள்.
"அந்தக் கடைசி டிரையர் ஓடுமா?" என்றாள்.

வெண்டெல் வழிவிட்டான்,
துப்பாக்கியைத் தாழ்த்தாமலே,
மிகுந்த மரியாதையோடு.
நாலு கால்டாலர் கேட்கும் இயந்திரம்.
அவளிடம் மூன்றுதான் இருந்தன.
கொலைகாரன் இடது கையால்
கோட்டுப் பையைத் துழாவி
ஒன்றை எடுத்து நீட்டினான்.
டிரையர் சுற்ற ஆரம்பித்தது.
எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து
அவள் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
லோர்னா 'கட்' சொல்லவில்லை.
என் கம்பு மட்டும் நடுங்கியது.

தொழிற்சங்க மண்டபத்தில் முதல் திரையிடல்.
மடக்கு நாற்காலிகள், நாற்பத்தோரு பேர்.
சிரிக்க வேண்டிய இடங்களில் சிரித்தார்கள்,
வேண்டாத இடங்களில் இன்னும் நன்றாக.
அந்த இடம் வந்தபோது
யாரும் சிரிக்கவில்லை.
பின்வரிசையில் ஒரு குரல் மெதுவாய்ச் சொன்னது:
"விடியக்காலை ஷிஃப்ட் இருக்கும், பாவம்."

ஒப்புதல் கையெழுத்து வாங்க
மூன்று வாரம் தேடினோம்.
அவள் மறுபடி அந்தக் கடைக்கு வரவில்லை.
நாங்கள் நடித்ததாய் நினைத்தாளா,
நிஜம் என்றே நினைத்தும்
துணி காய்ந்தால் போதும் என்றிருந்தாளா,
இன்னும் தெரியவில்லை.

செலவு நோட்டில்
பேட்டரிக்கும் பீட்சாவுக்கும் நடுவே
லோர்னாவின் மருந்துக்கடைக் கையெழுத்தில்
ஒரு வரி இருக்கிறது:
நடிகை, ஒருவர். கால் டாலர்.