மாவுக்கு வைத்த விரல்

பிஷாரோ கெடி வர்சமே.
பதிவேட்டில் வயது பதினொன்று.
மேசைக்கு அந்தப் பக்கம் இருபத்தைந்து,
மஞ்சள் சால்வைக்குள் மடக்கிய வலது கை.

"என்னை உங்களுக்கு நினைவிருக்காது" என்றாள்.
இல்லைதான். கருவிக்கு இருந்தது.

அந்த வறட்சியில் கரிசா சாலை நெடுக
ஒட்டகங்கள் மண்ணில் கழுத்தை நீட்டிக் கிடந்தன.
இந்த நாட்டில் பிறந்தவர்களும்
எல்லை தாண்டி வந்தவர்களின் வரிசையில் நின்றார்கள்.
யார் எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை.
என் வேலை விரலைப் பிடித்துக் கண்ணாடியில் அழுத்துவது.
சின்ன விரல்கள். ஈரமாயிருந்தால் பச்சை விளக்கு எரியாது;
என் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பேன்.
பத்து விரலுக்கு
ஒன்பது கிலோ சோள மாவு, ஒரு குவளை எண்ணெய்,
ஒரு பொட்டலம் உப்பு.

ஒப்புதல் படிவம் இருந்தது. ஆங்கிலத்தில்.
அவள் பெரியப்பா கைநாட்டு வைத்தார்,
எதற்கென்று கேட்காமல்.
கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இங்கே உப்பிட்ட கருவியல்லவா
உண்டவளை உள்ளளவும் நினைக்கிறது.

கைரேகையில் வரப்போவதைப் பார்ப்பவர்கள் உண்டு.
அடையாள அட்டை அலுவலகத்தில்
போனதை மட்டும் பார்த்தார்கள்:
"நீ அகதி. திரையில் இருக்கிறது."
மூன்றாம் முறை அவள்
பிரசவம் பார்த்த செவிலியையே கையோடு கூட்டிப் போனாள்.
செவிலி சொன்னதை வரிசையே நம்பியது.
திரை நம்பவில்லை.

அட்டை இல்லை, அதனால் சிம் இல்லை.
நைரோபி பேருந்திலிருந்து
சோதனைச் சாவடிதோறும் இறக்கிவிடுகிறார்கள்.
ஆசிரியர் பயிற்சியில் கிடைத்த இடம்
இன்னொருத்திக்குப் போய்விட்டது.

இப்போது சட்டம் வந்திருக்கிறது.
எனக்குப் பதவியும் வந்திருக்கிறது: தரவுப் பாதுகாப்பு அலுவலர்.
மொம்பாசாவில் நான்கு நாள் பயிற்சி, ஏசி அறை.
'எந்த நோக்கத்துக்கு வாங்கினோமோ அதற்கு மட்டும்'
என்ற வரியைப் பச்சை மையால் அடிக்கோடிட்டேன்.
மாவுக்கு வாங்கினோம்.
மாவு அந்த மாதமே தீர்ந்துவிட்டது.

"அழித்துவிடுங்கள்" என்றாள்.
அழிக்கலாம். விதி இருக்கிறது.
படிவம்கூட இந்த முறை சோமாலியில்.
நான்காம் கட்டம்:
விண்ணப்பதாரர் இன்னார்தான் என்பதற்குச் சான்று.
"அடையாள அட்டை இருக்கிறதா?"

கேட்ட பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

"இல்லாவிட்டால்?"

இல்லாவிட்டால் என்ன செய்வதென்றும் விதி உண்டு.
கருவியை அவள் பக்கம் திருப்பினேன்.
விளக்கு எரிந்து காத்திருந்தது.

சால்வை அசையவில்லை.
வெளியே லாரியிலிருந்து மூட்டைகள் விழும் சத்தம்.
அவள் சொல்லத் தொடங்கினாள், அவசரமில்லாமல்:
நான் பிஷாரோ. கெடியின் மகள்.
கெடி வர்சமேயின் மகன், வர்சமே எல்மியின் மகன்,
எல்மி, குலேத், ரோப்லே, சமத்தர்...
படிவத்தில் மூன்று பெயருக்கு இடம்.
நான் ஓரத்தில் எழுதினேன், பிறகு பின்பக்கம் எழுதினேன்.
இதைத் தலைமையகம் ஏற்காது என்று
இருவருக்கும் தெரியும்.

அவள் போன பிறகு
பழக்கத்தில் துணியை எடுத்து
அவள் தொடாத கண்ணாடியைத் துடைத்தேன்.