பத்து அங்குலம்

மழை வந்தேவிட்டது.
ஐம்பத்தொரு நாள் காயவிட்டு,
அறுவடை இயந்திரம் வாசலில் வந்து நின்ற
அன்றைக்குப் பார்த்து.

தெற்கு டகோட்டாவில் எங்கள் பகுதி முழுக்க
தொப்பியைக் கழற்றிவிட்டு நனைகிறது.
நான் ஒருத்திதான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு
போதும், போதும் என்கிறேன்.

தாகத்தில் கிடந்த சோளம்
தண்ணீரைக் கண்ட வேகத்தில்
மண்ணின் நைட்ரேட்டையெல்லாம் உறிஞ்சி
அடித்தண்டில் பதுக்கிவிடும்.
இன்றைக்கு வெட்டினால் நஞ்சைத்தான் வெட்டுவோம்.
ஒரு வாரம் பொறு, வெர்லின், என்றேன்.
இயந்திரத்துக்கு நாள் வாடகை, மார்லிஸ், என்றான் கொழுந்தன்.
இரண்டும் உண்மை.
காப்பி ஆறிப்போனது.

பயிர் என் நெஞ்சுக்கு மேல் வளரவில்லை.
கதிர் என்று ஒன்றை உரித்தேன்:
பதினொரு மணி.
இலைகள் காகிதம்போல் நொறுங்குகின்றன;
தண்டை முறுக்கினால் உள்ளங்கை நனைகிறது.
வெளித்தோற்றத்தை நம்பி அறுத்தவர்களின் குழிகளில்
சாறு வடிந்து ஓடியதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே மைக்ரோவேவ்.
நறுக்கிய சோளம் நூறு கிராம்,
தீய்ந்துவிடாமலிருக்கப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்.
எடை குறைவது நிற்கும்வரை
சூடாக்கு, நிறு, சூடாக்கு, நிறு.
வீடெல்லாம் புல் வெந்த வாசம்.
மிஞ்சியது இருபத்தாறு.
ஈரம் அதிகம்.
மறுநாள் இருபத்தெட்டு.
ஏழாம் நாள் முப்பத்து நான்கு.
தாளை அவன் தட்டுக்கு அடியில் வைத்தேன்.

அடுத்த சண்டை கத்தியின் உயரத்துக்கு.
இருக்கிறதே இவ்வளவு,
அதிலும் பத்து அங்குலம் விட்டுவிட்டு வெட்டுவதா?
கஞ்சப்பட்டுக் கற்றுக்கொண்ட குடும்பம் அவனுடையது;
கயிற்றுத் துண்டைக்கூட முடிந்து வைப்பார்கள்.
நஞ்சு கீழேதான் இருக்கிறது என்றேன்.
கேட்கவில்லை.
முன்னொரு பஞ்சத்தில் வீணா என்ற பசு
வாயில் நுரையோடு விழுந்ததைச் சொல்ல வாயெடுத்தேன்,
சொல்லவில்லை.
அவனே இறங்கிப்போய்
கத்தியை உயர்த்தினான்.

குழியில் டிராக்டர் முன்னும் பின்னும்,
ஒரு சாண் கனம் கொட்டு, மிதி, மறுபடி கொட்டு.
ஜாடியில் வெள்ளரிக்காய் ஊறவைத்த கைக்குத் தெரியும்
காற்று புகுந்தால் என்னவாகும் என்று.
நுண்ணுயிர் கலந்த நீரைத் தெளித்தோம்,
கறுப்பு பிளாஸ்டிக்கை இழுத்து மூடினோம்,
பழைய டயர்களை ஒன்றோடொன்று தொட அடுக்கினோம்.

மூன்றாம் நாள்
ஓரத்திலிருந்து துருநிறப் புகை,
பிளீச்சிங் பவுடர் நெடி.
நாயைக் கட்டிப்போட்டேன்.
அந்தப் பக்கம் மூன்று வாரம் யாரும் போகவில்லை.
தபால்காரர் மட்டும் தூரத்திலிருந்து கேட்டார்,
ஏதாவது செத்துப்போச்சா?
இன்னும் இல்லை, என்றேன்.

நாற்பத்திரண்டாம் நாள் பிரித்தோம்.
ஆலிவ் பச்சை, இளஞ்சூடு,
மூக்கைச் சுளிக்கவைக்காத புளிப்பு.
ஆய்வகத் தாளில் எண்கள் கோட்டுக்குக் கீழே,
கொஞ்சம்தான் கீழே.
உலர்புல்லோடு பாதிக்குப் பாதி கலந்துதான்
போட முடியும்.
மாவுச்சத்து எங்கே போகும், பதினொரு மணியில்?
தவிடு வாங்க வேண்டும். கடனில்.

முதல் பசு முகர்ந்தது,
விலகியது,
என்னைப் பார்த்தது,
பிறகு திரும்பி வந்து
நாக்கைச் சுழற்றியது.

நேற்று இரவு பனி.
பக்கத்துப் பண்ணையில், ஒட்ட அறுத்த நிலத்தில்,
காற்று அதை வாரிக்கொண்டு போய்விட்டது.
எங்கள் வயலில்
கட்டைகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு கிடக்கிறது.
வெர்லின் வேலியோரம் நின்று
பூட்ஸ் நுனியால் ஆழம் பார்க்கிறான்.
எத்தனை என்று நான் கேட்கவில்லை.