இந்த வாரம் நீலம் பாதி விலை

டொலிடோவில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்,
ஒரு காலத்தில் மளிகைக் கூடமாக இருந்த கட்டடத்தின் பின்னறையில்
ஜெனீன் குபியாக் விலை சொல்கிறாள்.
யாரிடமும் இல்லை. பொருட்களிடம்.

ஒரு பொருளுக்குப் பத்து நொடி.
எடு, திருப்பு, முகர்ந்து பார், அடி.
கையில் இருப்பதற்குத் துப்பாக்கி என்றுதான் பெயர்.
சுட்டால் ரத்தம் வராது,
சீட்டு ஒட்டும்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்.
பீங்கான் யானை, தும்பிக்கை ஒட்டவைத்தது:
ஒன்று தொண்ணூற்றொன்பது.
ரொட்டி சுடும் இயந்திரம், பெட்டி பிரிக்காதது,
இந்த மாதத்தில் ஏழாவது: எட்டு டாலர்.
பந்துருட்டிப் போட்டியில் வென்ற கோப்பை,
வென்றவர் பெயரோடு: ஐம்பது சென்ட்.
பெயர் இல்லாதிருந்தால் எழுபத்தைந்து.
புகைப்படச் சட்டத்துக்கு மட்டும்தான் விலை,
உள்ளே சிரிக்கும் குடும்பம் கொசுறு.

தொண்ணூற்றொன்பதில் விட்டுப்போன அந்த ஒரு சென்ட்
எங்கே போகிறது என்று அவள் கேட்டதில்லை.
கல்லாப் பக்கம் ஒரு கிண்ணத்தில் கிடக்கிறது,
யாரும் திரும்ப எடுப்பதில்லை.

ஐந்து நிறம், ஐந்து வாரம்.
முதலில் முழு விலை, மூன்றாவதில் பாதி,
ஐந்தாவதில் எதுவானாலும் ஒரு டாலர்.
அதற்கும் போகாததை அமுக்கிக் கட்டி
எடைக்குப் போட்டுவிடுவார்கள்.
எந்த வாரம் எந்த நிறம் என்று
வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.
வெண்டல் ஆஸ்ட்ராண்டரின் கணக்கு
அங்கேதான் தொடங்கியது.

கண்ணாடி ஆலையில் இரவு வேலை. கால் அளவு பதின்மூன்று.
பதின்மூன்று லேசில் வராது.
வந்தது: பனிக்கால பூட்ஸ், உள்ளே கம்பளி,
நீலச் சீட்டு, பதினான்கு தொண்ணூற்றொன்பது.
சுற்றும் முற்றும் பார்த்து
அதை ஒரு மீன்தொட்டிக்குள் இறக்கி
மேலே மேசைவிரிப்பைப் போட்டு மூடினார்.
நீலம் பாதியாக இன்னும் ஒன்பது நாள்.

ஒளித்து வைத்ததை எடுத்து அலமாரியில் அடுக்க வேண்டும்,
அது கடை விதி.
அன்று மாலையே ஜெனீன் பார்த்துவிட்டாள்.
மேசைவிரிப்பை மட்டும் உருவி
அதற்கு மூன்று டாலர் அடித்தாள்.
மறுநாள் மீன்தொட்டியின் மேல்
வேறொரு போர்வை.

ஏழாம் நாள் பனி கொட்டியது.
நவம்பர் பாதிகூட ஆகவில்லை,
ஏரிப் பக்கமிருந்து காற்றோடு, கணுக்கால் மூழ்க.
வெண்டல் வந்தபோது பழைய பூட்ஸ்
அடிக்கு ஒருமுறை தண்ணீர் கக்கியது.
இரண்டு நாளை ஒரு கையிலும்
ஏழரை டாலரை ஒரு கையிலும் வைத்துப் பார்த்தவர்போல நின்று,
கல்லாவில் முழு விலையை வைத்தார்.
பின்னறைத் துப்பாக்கியைவிட
வானத்துக்கு வியாபாரம் தெரிந்திருந்தது.

வீட்டில் சீட்டை உரித்தால்
அடியில் இன்னொரு சீட்டு:
ஒன்பது தொண்ணூற்றொன்பது.

மறுநாள் பின்வாசலில் நின்றார்,
விரல் நுனியில் இரண்டு சீட்டுகளும் ஒட்டியபடி.
"ஏன் மாற்றினீர்கள்?"
"நாக்கைத் தூக்கிப் பார்த்தேன்.
பெரிய கம்பெனிப் பெயர் இருந்தது."
அவர் குனிந்து, தன் காலிலேயே படித்துப் பார்த்தார்.
நாக்கில் இருந்த பெயருக்கு ஐந்து டாலர்.
கோபப்படலாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது.
ஆனால் கால் சூடாக இருந்தது.

பையிலிருந்து பழைய ஜோடியை எடுத்து
மேசையில் வைத்துவிட்டுப் போனார்.
இன்னும் ஈரம் காயவில்லை.
ஜெனீன் உள்ளே செய்தித்தாளைத் திணித்தாள்.
ஒன்றின் நாக்கைத் தூக்கினாள்:
பெயர் தேய்ந்திருந்தது,
அல்லது இருந்ததே இல்லை.
பத்து நொடி தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு தொண்ணூற்றொன்பது.
மஞ்சள்.