இலந்தை இலைத் தண்ணீர்

சோனகத்தெருவில் இந்த வீட்டுக்குப் பாதிக் கூரைதான்.
ஜெசீமாவைக் கிடத்தியது கூரை உள்ள பாதியில்.
கட்டிலைச் சுற்றி மூன்று சேலை கட்டினோம்,
நானும் மஸ்றிபாவும்.
சேலைக்கு அந்தப் பக்கம், கிணற்றடியில்,
அவள் மகன் றிஸ்கான்.
புத்தளத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்தவன்.
கண் சிவந்திருந்தது. வாய் ஓயவில்லை.

"மாமி, ஒரு தரம் தண்ணி ஊத்தினா காணும்.
மூண்டு, அஞ்சு, இலந்தை இலை, கற்பூரம்,
இதெல்லாம் குர்ஆனில எங்க இருக்கு?
அல்லாஹ்ட பேச்சு முழுசா இருக்க
ஆக்கள் சொன்னது எதுக்கு?"

இலையைக் கசக்கிக்கொண்டிருந்தேன்.
நுரை வர நேரம் எடுக்கும்.
பதிலுக்கும் அப்படித்தான்.

இல்லை மகன், குர்ஆனில் இல்லை.
மையித்தைக் கழுவு என்றுகூட இல்லை.
நீ சொன்ன அந்த ஒரு தரம்
எங்கிருந்து வந்ததென்று நினைக்கிறாய்?
புதைக்கத் தெரியாமல் நின்ற முதல் கொலைகாரனுக்குக்
காகம் மண் கிளறிக் காட்டியது இருக்கிறது.
கழுவிக் காட்ட ஒரு பறவையும் வரவில்லை.
அங்கேயும் பார்,
எழுதி அனுப்பவில்லை அவன்.
செய்து காட்ட ஒன்றை அனுப்பினான்.

மதீனாவில் நபியின் மகள் மௌத்தானாள்.
கழுவப் போன பெண்களிடம்
வலப்பக்கத்தில் தொடங்குங்கள் என்றார்,
ஒற்றைப்படையாக என்றார்,
முடிந்ததும் எனக்குச் சொல்லுங்கள் என்றார்.
சொன்னார்கள்.
தன் இடுப்புத் துணியைத் தந்து
இது அவள் உடம்போடு படட்டும் என்றார்.
பிள்ளையைப் பறிகொடுத்த வாப்பாவின் சொல் அது.
சட்டமாக அது பிறகுதான் ஏறியது.
கேட்டவர்களில் ஒருத்தி மறக்கவில்லை.
அவள் சொல்லாமல் விட்டிருந்தால்
இந்த வாளியோடு நாங்கள் இரண்டு பேரும்
என்ன செய்வதென்று முழித்திருப்போம்.

"ஒருத்தியிட ஞாபகம்!" என்றான்.
"ஞாபகம் பிழைக்கும். பொய்யும் கலக்கும்."

கலந்ததுதான்.
அதனால்தானே ஊர் ஊராய் நடந்து
யாரிடம் கேட்டாய், அவருக்கு யார் சொன்னது,
இருவரும் ஒரே காலத்தில் இருந்தார்களா,
அவர் வாய் நல்ல வாயா என்று துருவினார்கள்.
கல் கிடக்கிறதென்று அரிசியைக் கொட்டுவார்களா,
சுளகை எடுப்பார்களா?
நீ தூக்கிப் பிடிக்கும் வேதத்தையும்
அவர் வாயால் கேட்டு நெஞ்சில் சுமந்து வந்தது
அதே ஆட்கள்தான்.
ஒரு கை தந்ததை வாங்கிக்கொண்டு
மறு கையைத் தட்டிவிடுகிறாய்.

ஜெசீமாவின் தலையை மெல்லத் திருப்பினேன்.
மையித்தில் கண்டதை வெளியே சொல்லக் கூடாது,
அதுவும் ஹதீஸ்தான்.
ஆனால் இந்தக் காது ஊரறிந்தது.

றிஸ்கான், உன் உம்மாவின் இடது காது ஏன் பிளந்திருக்கு?

"தொண்ணூறில. ஜின்னா மைதானத்தில வச்சு
தோட்டை இழுத்தெடுத்தாங்க."

நீ பார்த்தாயா?

"நான் பிறக்கல்லயே."

காகிதம் ஏதும் வைத்திருக்கிறாயா?
இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறு என்றது
எழுத்திலா வந்தது?
ஒலிபெருக்கிக்கு ஏது கையெழுத்து?
உம்மா சொன்னாள். நான் சொன்னேன்.
புத்தளத்து முகாமில் வேறு வேறு கொட்டிலில் இருந்து
மஸ்றிபாவும் அதையே சொன்னாள்.
இந்தக் காதை நீ தடவிப் பார்த்து நம்பினாய்.
அந்த நம்பிக்கைக்கு என்ன பெயர் வைத்தாய், மகன்?

சேலைக்கு அப்பால் பேச்சில்லை.
கப்பி மட்டும் கிறீச்சிட்டது.
ஒத்துக்கொண்டான் என்று சொல்லமாட்டேன்.
கண்டதை மட்டும்தான் சொல்லலாம்.

வலது தோள். வலது விலா. வலது கால்.
பிறகு இடது.
யாழ்ப்பாணத்துச் சவர்த் தண்ணீரில்
இலந்தை நுரை சீக்கிரம் செத்துவிடுகிறது.
மறுபடி கசக்கினேன்.
மஸ்றிபா தலைமயிரைச் சிக்கெடுத்து
மூன்றாய்ப் பிரித்துப் பிடித்திருந்தாள்.
நான் கற்பூரத்தை உள்ளங்கையில் நுணுக்கி வைத்துக்கொண்டு
காத்திருந்தேன்.

சேலைக்கு அடியால் வாளி வந்தது.
"நாலு" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
கயிறு மறுபடி கிணற்றுக்குள் இறங்கியது.