ஞாயிற்றுக்கிழமைக் குளிசை

கிழமைக்கு ஒன்று.
மஞ்சள் நிறம், மீன்சினையைவிடக் கொஞ்சம் பெரிது,
வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும்.
வேலைநாளில் வைத்தால் மறந்துபோகும் என்று
ஞாயிறு ஆக்கினேன்.
பிறகுதான் சிரிப்பு வந்தது.

கல்லாற்றில் வெயிலுக்கா பஞ்சம்?
ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி,
இரண்டும் எங்கள் கூரைக்கே திருப்பி அனுப்பும்.
கச்சான் வீசினால்
காகம் கூடத் தண்ணீர்த் தாங்கிக்குக் கீழேதான்.
பதினேழு பேரின் இரத்தம் மட்டக்களப்புக்குப் போய்வந்தது.
பதினான்கு பேருக்கு வெயில் காணாதாம்.

டொக்டர் சொன்னார், குளிசையும் கொடு,
காலையில் இருபது நிமிடம் முற்றத்திலும் இருத்து.
பதிவுப் புத்தகத்தில் இரண்டு கோடு கிழித்தேன்.

றோசலின் தண்ணீர் இல்லாமலே விழுங்கி
நாக்கை நீட்டிக் காட்டுவா, நற்கருணை எடுத்தவ போல.
நேசம்மா
பதினொரு வருடம் ரியாத்தில்
சன்னல் இல்லாத குசினியில் நின்றவ.
கதிரையைத் தானே இழுத்துக்கொண்டு போவா,
சீலையை முழங்கால்வரை ஏற்றி
"எனக்கு வரவேண்டிய பாக்கி புள்ள" என்பா.

எதிர்மன்னசிங்கம் வாசல்படி தாண்டமாட்டார்.
பேப்பரைக் காட்டினேன், தேத்தண்ணியை வெளியே வைத்தேன்,
ஆறிப்போய் எறும்பு குடித்தது.
ஒரு நாள் கேளாமல்
சில்லுக் கதிரையைத் தள்ளிவிட்டேன்.
மூன்று கவடு தூரம்தான்.
அவர் கை இரண்டும் தலைக்குமேல் போயின.
தானாக.

உள்ளே வந்து வெகுநேரம் கழித்துச் சொன்னார்:
"தொண்ணூறில பள்ளிக்கூட மைதானத்தில
காலம எட்டு மணிக்கு நிண்டனான்.
முகமூடி போட்டவன் என்னட்ட வர நாலு மணி.
எனக்குத் தலை ஆட்டல்ல.
பக்கத்தில நிண்ட பொடியனுக்கு ஆட்டினான்.
என்ட பங்கு வெயில் முடிஞ்சிது மிஸி."

எட்டுக் கிழமை முடிய
அவருக்கு மட்டும் இன்னொரு சுற்று எழுதித் தரக் கேட்டேன்.
காரணம் என்றார் டொக்டர்.
வெளியே வரமாட்டார் என்றேன்.
பேனை கொஞ்சம் நின்றது,
எழுதியது.

இந்த ஞாயிறு புதுப் போத்தல்.
எதிர்மன்னசிங்கம் குளிசையைச் சன்னல்பக்கம் உயர்த்தி
ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.
"இது எந்த ஊர் வெயில்?"
லேபிளைத் திருப்பினேன். குஜராத்.

"அங்க நான் நிண்டதில்ல" என்று
வாயில் போட்டுக்கொண்டார்.